வட்டத்துக்கு வெளியே தோண்டிய குழி

1

இந்த மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும், இங்கிலாந்தின் வட பகுதியில் ஒரு புதுச் சாலையின் ஓரத்தில் மண்டியிட்டு வாந்தி எடுத்தேன். காய்ச்சல் இல்லை, வயிற்றுக் கோளாறும் இல்லை. கூட வேலை செய்யும் ஃபோர்மன் ஹாரி ஒரு வாக்கியம் சொன்னான். அதைக் கேட்டதும் காலையில் தின்ற இரண்டு துண்டு ரொட்டியும் வெளியே வந்துவிட்டது.

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லோரும் சீமையில் சௌக்கியமா என்று கேட்கிறார்கள். அந்தச் சௌக்கியத்தைப் பற்றி நானும் எழுதித்தான் வந்திருக்கிறேன். பனி எப்படி விழுகிறது, ஜனங்கள் பஸ்ஸுக்கு எப்படி வரிசையில் நிற்கிறார்கள், இதெல்லாம் படித்திருப்பீர்கள். இந்தத் தடவை எனக்கு என் மேலேயே வந்த அருவருப்பைப் பற்றி எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் தள்ளிவிடலாம்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். சாலை என்றால் உங்களுக்கு மேலே தெரியும் தார்தான். தாருக்குக் கீழே ஜல்லி, ஜல்லிக்குக் கீழே கிராவல் மண், அதற்கும் கீழே ஊர் மண். கீழே இருப்பது இறுகியிருந்தால்தான் மேலே இருப்பது நிற்கும். இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. கிராவலில் ஒரு சாண் ஆழத்துக்கு வட்டமாகக் குழி தோண்டுவோம். தோண்டின மண்ணை ஒரு பிடி விடாமல் அள்ளி எடை போடுவோம். பிறகு ஒரு தகர சிலிண்டரிலிருந்து சலித்த மணலைக் குழியில் விழ விடுவோம். எவ்வளவு மணல் பிடித்தது என்பதை வைத்துக் குழியின் அளவு தெரியும். அந்த அளவில் எவ்வளவு எடை மண் இருந்தது என்று பார்த்தால் இறுக்கம் தெரிந்துவிடும். அவ்வளவுதான் வித்தை.

இதில் ஒரே ஒரு ஜாக்கிரதை வேண்டும். மணல் விழும்போது தரை அதிரக் கூடாது. அதிர்ந்தால் மணல் கெட்டித்துக்கொண்டு குழிக்குள் கூடுதலாக இறங்கும். குழி இருப்பதைவிடப் பெரிது போலக் காட்டும், நல்ல மண்கூடப் பொலபொலவென்று இருப்பதாகக் கணக்கு வரும்.

அன்றைக்கு மணல் பாதி விழுந்திருந்தபோது பக்கத்தில் ஒரு லாரி கல் ஏற்றிக்கொண்டு போயிற்று. ஹாரி கையை விரித்தான். லாரி போய்விட்டது, இந்தக் கணக்கு செல்லாது, வேறு குழி போடலாம் என்றான். சொல்லிவிட்டு அவனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதே வாக்கியத்தை எட்டு வருஷத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் நான் ஒரு ரிஜிஸ்டரில் மையால் எழுதினேன். அன்று அங்கே லாரி எதுவும் போகவில்லை. போயிருக்கவும் முடியாது. அந்த எழுத்துக்காக வேலையை இழந்த தேசப்பன் என்கிற ஆளின் கடிதம், ஹாரி அதைச் சொன்ன நேரத்தில் என் கோட்டுப் பையில் இருந்தது.

2

இங்கே எனக்கு மரியாதைக்குக் குறைவில்லை. கவுன்சில் பரிசோதனைக்கூடத்தில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு சாலையிலும் தார் ஊற்ற முடியாது. வந்த புதிதில் ஒரு திங்கட்கிழமை, நேற்று என்ன செய்தாய் என்று கேட்டார்கள். தலைக்குக் குளித்தேன் என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். உடம்புக்கு வேறு நாளா என்று கேட்டு ஒரு மாதம் சிரித்தார்கள். இன்னும் ஹாரி திங்கட்கிழமைகளில் என் தலையின் சுகத்தை விசாரிக்கிறான். நல்லவன்தான். ஆனால் அவன் கலக்கும் டீயைக் குடித்தால் பாத்திரம் கழுவின தண்ணீர் ஞாபகம் வருகிறது.

மனைவி சரோஜா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். ஊர் உலகத்து நோயாளிகளின் போர்வை வாடை அவள் கையை விட்டுப் போவதில்லை என்று புலம்புவாள். மகள் கலாவுக்குப் பதினான்கு வயது. ஆறு வயதில் இங்கே வந்தவள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். கருவாடு வறுத்தால் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள். பள்ளிக்கூடத் தோழிகள் வரும் நாளில் நான் லுங்கி கட்டக் கூடாது என்பது வீட்டில் சட்டம். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் எட்டு வருஷமாகத் திருவள்ளூரை மறந்தவன் மாதிரிதான் நடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மாதத்தில்தான் எனக்குப் பதவி உயர்வுப் படிவமும் வந்திருந்தது. நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில், முன்பு பார்த்த வேலைகளில் பரிசோதனை முடிவுகள் குறித்து உங்கள் மேல் ஏதாவது குறை உண்டா என்று ஒரு கேள்வி. அதன் எதிரே சின்னக் கட்டம். அதை நிரப்பாமல் மேஜை இழுப்பறைக்குள் தள்ளி வைத்திருந்தேன். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்.

3

டிப்ளமா முடித்துச் சில வருஷம் கழித்து, அறுபதுகளின் கடைசியில் திருவள்ளூரில் ஒரு சாலை அலுவலகத்தில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நல்ல அலுவலகங்கள் பக்கத்தில் இருந்தன, அவர்கள் மேல் சந்தேகம் வந்துவிடக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரப் போகின்றன என்று அப்போதே பேச்சு. மதராஸிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி. ரோட்டிலிருந்து பிரிந்து வயல்களுக்கு நடுவே ஒரு புதுச் சாலை போட எங்களை அனுப்பினார்கள். வாரத்தில் மூன்று நாள் ஊத்துக்கோட்டை வழியாக ஜீப்பில் போய் வருவேன்.

அது ஏரிப் பாசன நிலம். கீழே கறுப்புக் களிமண். வெயிலில் பிளக்கும், மழையில் கொழகொழவென்று கிடக்கும். அதன் மேல் கிராவலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலரைப் பத்துத் தடவை ஓட்ட வேண்டும். எங்கள் காண்டிராக்டர் தண்ணீர் வண்டியைக் கண்ணில் காட்டவே மாட்டார். ரோலர் இரண்டு தடவை போய் வந்தால் அன்றைய வேலை தீர்ந்தது. ஆந்திராப் பக்கத்து மனிதர். சின்னவன் பெரியவன் எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிட்டோம். பெற்ற தகப்பனை நான் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

அப்படியிருந்தும் அந்தச் சாலையில் எங்கள் சோதனைகள் ஒன்றுகூடத் தோற்றதில்லை. காரணம் சுண்ணாம்பு வட்டம். நாளை எந்த இடத்தில் குழி தோண்டப் போகிறோம் என்று முதல் நாள் சாயந்திரமே சாலை மேல் சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டு வைப்பது எங்கள் அலுவலகத்து வழக்கம். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. கேட்டால், மறுநாள் தேடி நேரம் வீணாக்க வேண்டாமே என்பார்கள். வட்டம் போட்டுவிட்டு நாங்கள் ஜீப் ஏறியதும் நைனாவின் ஆட்கள் அந்த வட்டத்துக்கு மட்டும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ரோலர் அதன் மேலேயே முன்னும் பின்னும் உருளும். மறுநாள் நாங்கள் கடப்பாரை போட்டால் பாறையில் போடுகிற மாதிரி எகிறும். ஆக, அந்தச் சாலையில் உருப்படியாக இருந்தவை வட்டங்கள் மட்டும்தான்.

இதற்குக் கைமாறாக எங்கள் அசிஸ்டெண்ட் என்ஜினீயர், அதாவது ஏ.இ., வீட்டுக்கும் என் வீட்டுக்கும் வாரா வாரம் பழவேற்காட்டு இறால் வரும். பனையோலைக் கூடை நிறைய, உயிரோடு துள்ளிக்கொண்டு வரும். சரோஜா அதில் தொக்கு செய்வாள். நான் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். இன்று நினைத்தால் நாக்கைச் சுரண்டிக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

4

தேசப்பன் எங்கள் குழி வெட்டும் ஆள். பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கும் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் படகில் இருக்க, ஏரியில் ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லை என்று சலித்துப்போய் இவர் மட்டும் தினக்கூலிக்கு ரோட்டு வேலைக்கு வந்தார். வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. என்னைவிடப் பெரியவர், ஆனால் நான் அவரை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை சார் என்பார். நிரந்தரம் ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. அவர் வெட்டும் குழி அச்சில் வார்த்த மாதிரி ஒழுங்காக இருக்கும். தோண்டிய மண்ணில் ஒரு சிட்டிகை கீழே விழாது.

ஒரு ஐப்பசி மாதம், முதல் நாள் போட்ட வட்டத்தை ராத்திரி மழை கரைத்துவிட்டது. ஜீப் பாதி வழியில் நின்றுபோனதால் நான் வந்து சேரத் தாமதம். தேசப்பன் உத்தேசமாக ஓர் இடத்தைப் பார்த்துக் குழியை வெட்டி, மண்ணை எடை போட்டு, எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வட்டம் இருந்த இடம் இருபதடி தள்ளி என்பது எனக்கும் அப்போது தெரியவில்லை. மணலை விட்டேன், கணக்கைப் பார்த்தேன், எண்களை மையால் ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டேன். ஏற்றிய பிறகுதான் புத்தி வேலை செய்தது. அவ்வளவு மட்டமான எண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. குழியின் சுவரில் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று.

ரிஜிஸ்டரின் பக்கங்களுக்கு வரிசை எண் உண்டு, கிழிக்க முடியாது. ஏ.இ. வந்து பார்த்தார். முகம் மாறவே இல்லை. வழக்கமாக எழுதுகிறதை எழுது என்றார். வழக்கமாக எழுதுவது என்றால், ஜி.என்.டி. ரோட்டில் வேலை செய்யும்போது எண் சரியில்லாத இடங்களில் நாங்கள் போடும் வரி: 'கனரக லாரி சென்றதால் அதிர்வு. இம்முடிவு செல்லாது. மறு சோதனை செய்யப்பட்டது.' நூறு தடவை எழுதிய கை. யோசிக்கவே இல்லை. எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். பிறகு கரைந்த வட்டத்தைத் தேடிப் பிடித்து அங்கே இன்னொரு குழி போட்டோம். அது பிரமாதமாகத் தேறியது.

தேசப்பன் மட்டும் முதல் குழியை மூடும்போது என்னைப் பார்த்து, இந்தக் குழிதானே சார் நிஜம் என்று மெதுவாகக் கேட்டார். வேலையைப் பார் என்றேன்.

5

சாலை திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு புதுத் தொழிற்சாலைக்கு இயந்திரம் ஏற்றி வந்த லாரி நாங்கள் முதல் குழி போட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பக்கமாக அமிழ்ந்து, இயந்திரத்தோடு வயலில் சாய்ந்தது. கிளீனருக்குக் கால் முறிந்தது. பிறகு வந்த அறிக்கைகளில் இயந்திரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. கிளீனரின் காலைப் பற்றி ஒரு வரி இல்லை.

மதராஸிலிருந்து விசாரணைக்கு ஒரு பெரியவர் வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குப்பொடி போடுவார். ரிஜிஸ்டரை மெதுவாகப் புரட்டி என் வரியில் விரலை வைத்தார். இந்தச் சாலை அப்போது திறக்கவே இல்லையே, இரண்டு முனையிலும் டிரம் வைத்து அடைத்திருந்ததாக உங்கள் அறிக்கையே சொல்கிறதே, லாரி எப்படி வந்தது என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் எழுத்து மூலம் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது சீமையில் வேலை பார்க்க அனுமதிக்கும் வவுச்சர் வந்திருந்தது. பாஸ்போர்ட்டுக்கு அலுவலகத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாள் வேண்டும். என் பேரில் விசாரணை வந்தால் அந்தத் தாள் கிடைக்காது. வீட்டில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டோம். சரோஜா கலாவுக்குக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

வழி சொன்னவர் ஏ.இ. தான். லாரியால் அதிராவிட்டால் வேறு எதனாலோ அதிர்ந்திருக்கலாமே என்றார்.

"இன்னாய்யா இதுக்குப் போயி பேஜாரா கீற? தேசப்பன் தெரியாத்தனமா கடப்பாரையால சிலிண்டர தட்டிட்டான்னு அவனே சொல்லட்டும். நீ லாரின்னு நெனச்சிக்கினு எழுதிட்ட. தினக்கூலி ஆளுக்கு மெமோவா குடுக்கப் போறாங்க?"

மெமோ கொடுக்க மாட்டார்கள் என்பது சரி. ஆனால் நிரந்தரம் ஆக்க வேண்டியவர்களின் பட்டியல் அந்த வாரம்தான் தயாராகியிருந்தது. தேசப்பன் பெயர் அதில் நாலாவதாக இருந்தது. அதை டைப் அடித்த தாளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருக்கு இன்னும் தெரியாது.

மறுநாள் மத்தியானம் பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். தேசப்பன் வீட்டு வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தார்.

"இன்னா சார், ஊடு தேடி வந்துகீறீங்க? சொல்லி அனுப்பிச்சிருந்தா நானே வந்திருப்பனே."

அவர் மனைவி கன்னியம்மா ஓடிப்போய் எங்கிருந்தோ நாற்காலி வாங்கி வந்தாள். அதில் உட்கார்ந்துகொண்டு, நின்றுகொண்டிருந்த அந்த மனிதரிடம் விஷயத்தைச் சொன்னேன். உனக்கு ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பட்டியலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"நான் எதையும் தட்டலயே சார்."

"தெரியும் தேசப்பா."

"தெரியும்னு நீங்க சொன்னா போதும் சார். நான் சொல்லிடறேன். எனுக்கு இன்னா போவப் போவுது? நீங்க கொழந்தகுட்டியோட கப்பலு ஏறப் போறவரு."

கன்னியம்மா அவித்த இறால் கொண்டு வந்து வைத்தாள். தின்றேன். அதையும் தின்றேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

விசாரணையில் தேசப்பன் சொன்னார், கையெழுத்துப் போட்டார். ஏ.இ. அதற்கு மேல் ஒரு குறிப்பு எழுதினார்: கருவியைக் கையாளத் தகுதியற்றவர், சோதனை முடிவைக் கெடுத்தவர். தினக்கூலி ஆட்களின் மஸ்டர் புத்தகத்தில் பெயரை அடித்தார்கள். நிரந்தரப் பட்டியலிலும் நாலாவது பெயரை அடித்து, ஐந்தாவது ஆளை மேலே ஏற்றினார்கள். எனக்கு அந்தத் தாள் கிடைத்தது. கிளம்புகிற அன்று தேசப்பன் மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கம் செங்கல் சுமக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அப்படியா என்று கேட்டுவிட்டுப் பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போனேன்.

6

இனி கோட்டுப் பையில் இருந்த கடிதத்துக்கு வருகிறேன். திருவள்ளூரில் இருக்கும் என் அண்ணனிடம் விலாசம் வாங்கித் தேசப்பனே எழுதியிருந்தார். ஐந்தாவது வரை படித்த எழுத்து, பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். பழைய தினக்கூலி ஆட்களைத் திரும்ப எடுத்து நிரந்தரமாக்கப் போகிறார்களாம். அவருடைய ஒன்பது வருஷமும் கணக்கில் வருமாம். ஃபைலில் இருக்கும் அந்தக் குறிப்பு மட்டும்தான் தடையாம். பொறுப்பில் இருந்த சூப்பர்வைசர் நடந்ததைச் சத்தியம் வைத்து எழுதித் தந்தால் குறிப்பை எடுத்துவிடலாம் என்று கிளார்க் சொன்னாராம். வயசு ஏறிக்கொண்டே போகிறது, இதுதான் கடைசி தடவை என்று இருந்தது. கடைசியில், "உங்களுக்கு இதனால அங்க எதுனா கஷ்டம்னா வேணாம் சார்" என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்ததும் காகிதத்தைக் கசக்கி எறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அவர் மேல் இல்லை.

ஆறு வாரம் அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்கு இங்கே சோறு போடுவது என் கையெழுத்து. அந்தக் கையெழுத்து பொய் என்று நானே சத்தியம் செய்து அரசாங்கத்துக்கு அனுப்பினால், அது என்றாவது கடல் தாண்டி இங்கே வந்து நிற்காதா என்று பயம். வாந்தி எடுத்த அன்றைக்குச் சாயந்திரம்தான் சரோஜாவிடம் முழுக்கதையையும் சொன்னேன். இறாலின் கதையும் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். முழுக்கக் கேட்டாள். பிறகு, நாளைக்கே எழுதுங்கள் என்றாள்.

எழுதியதை டைப் அடிக்கக் கலாவிடம் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்கிறாள். அடித்து முடித்துவிட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். இந்த ஆள் ஏன் சரி என்று சொன்னார், முட்டாளா என்று கேட்டாள், இங்கிலீஷில்தான். கோபம் தலைக்கேறியது. அவர் முட்டாள் இல்லை என்று கத்தினேன். அப்படியானால் ஏன் என்று மறுபடியும் கேட்டாள். நாற்காலி வாங்கிவந்து போட்ட வீட்டில் சார் கேட்டால் ஒருவன் ஏன் மறுக்க மாட்டான் என்பதை அவளுக்கு விளக்க எனக்கு எந்தப் பாஷையிலும் வார்த்தை வரவில்லை. அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். இந்தத் தோள் குலுக்கலை இங்கேதான் கற்றுக்கொண்டாள்.

சத்தியம் வாங்குகிற வக்கீல் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். நாய் வாடை அடிக்கும் அறை. எந்தப் புத்தகத்தின் மேல் கை வைக்கிறாய் என்று கேட்டார். அவரிடம் பைபிள் மட்டும்தான் இருந்தது. புத்தகமில்லாமலேயே உறுதி கூறலாம் என்று ஒரு சட்டம் தேடி எடுத்தார். கிராவல் என்றால் என்ன என்று கேட்டார், லாரி எத்தனை டன் என்று கேட்டார். லாரியே இல்லை ஐயா, அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். எல்லாம் முடிந்து, நீ கையெழுத்துப் போடுவது என்னவென்று உனக்குப் புரிகிறதா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் புரிந்து போடுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நெஞ்சில் பாரம் இறங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அதே வாரத்தில் மேஜை இழுப்பறையிலிருந்து பதவி உயர்வுப் படிவத்தையும் எடுத்தேன். மூன்றாம் பக்கத்துச் சின்னக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். ஜூனிலிருந்து நான் சீனியர் டெக்னீஷியன். ஹாரி கேக் வாங்கி வந்தான். அதன் மேல் பூசியிருந்த கொழுப்பு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சாயந்திரம் வரை போகவில்லை.

7

போன மாதம் தேசப்பனிடமிருந்து பதில் வந்தது. சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு வேளை. சரோஜா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். உரக்கப் படியுங்கள் என்றாள். கலாகூட மாடிப்படியில் வந்து நின்று, அவருக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டாள். முதலில் எனக்குள் படித்துவிட்டு, கிடைத்துவிட்டது என்றேன்.

பிறகு அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் பேப்பரைப் பார்த்ததும் பெரிய ஆபீசர் அந்தக் குறிப்பைச் சிவப்பு மையில் அடித்துவிட்டார் என்று எழுதியிருந்தார். ஆர்டர் கையில் வந்த அன்று கன்னியம்மா தெருவுக்கெல்லாம் பொங்கல் வைத்துக் கொடுத்தாளாம். காக்கிச் சட்டை இரண்டு கொடுத்திருக்கிறார்களாம். பழையபடி சோதனை வேலையிலேயே போட்டிருக்கிறார்களாம். "நீங்க நல்லா இருக்கணும் சார், உங்க கொழந்தைங்க நல்லா இருக்கணும்" என்று இருந்தது. அந்த இடத்தில் நிறுத்திக் கடிதத்தை மடித்தேன்.

அதற்குக் கீழே இன்னும் ஒரு பத்தி இருந்தது. அதை இங்கே அப்படியே எழுதிவிடுகிறேன்:

"பழைய ஆளுன்னு எனுக்குத்தான் சார் ஆபீஸ்ல மரியாத. இப்பல்லாம் முன்ன மாதிரி கஷ்டம் இல்ல. குழியே நோண்டறது இல்ல. மாசம் பொறந்தா ரிஜிஸ்டர் வரும், எல்லா பக்கத்துலயும் சாட்சின்னு கையெழுத்து போட்டுடுவேன். நம்பர அவங்க அப்பறமா எழுதிக்குவாங்க. புதுசா ஒரு சூப்பர்வைசரு வந்துகீறாரு, சின்ன வயசு, ரொம்ப பயந்தாரு. நான்தான் தைரியம் சொன்னேன். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க சார், எதுனா கேட்டாங்கன்னா நான் சொல்லிக்கிறேன்னு."

கலா, நல்லது என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை படியுங்கள் என்றாள். படித்தேன். இரண்டாம் தடவையும் அதே இடத்தில் நிறுத்தினேன்.